கிரீன்லாந்துக்கு ஒரு பெண்

போஸ்ட் கார்டை வெயில் படுகிற சுவரில் மாட்டக் கூடாது. மாட்டினால் முதலில் சிவப்பு வெளுக்கும், பிறகு மஞ்சள் போகும். நீலம் மட்டும்தான் கடைசிவரை நிற்கும். வீட்டில் பழைய கல்யாண ஃபோட்டோ வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். அதனால்தான் என் கார்டுகளை நான் ஆல்பத்தில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் அம்மா, அந்த டீ கிளாசை ஆல்பத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்தீர்கள் என்றால் நான் நிம்மதியாகப் பேசுவேன். நன்றி.

என் பெயர் சுருளிவேல். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக்கடை மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். தரகர் என்று சொன்னாலும் கோபப்பட மாட்டேன். ஜாதகமும் நானே பார்ப்பேன். நான் முடித்துவைத்த கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகளே இப்போது தங்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வருகிறார்கள். என்மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று நீங்கள் ஏட்டம்மாவிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கும் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், தோதானதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இசைவாணியிலிருந்து தொடங்க வேண்டும். சிட்னியில் நர்ஸ் வேலை பார்த்த ஒரு பையனுக்கு அவளை முடித்துக் கொடுத்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாத வரன். போய்ச் சேர்ந்ததும் நன்றி சொல்லி எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தாள். கடலோரத்தில் சிப்பிகளை நிமிர்த்தி வைத்தது போல ஒரு கட்டடம். பின்பக்கம் பொடி எழுத்தில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று போட்டிருந்தது. அந்த நாட்டு ஸ்டாம்ப், அதன் மேல் அந்த ஊர் முத்திரை, பக்கத்தில் என் பெயர். இது உங்களுக்கு விளங்க வேண்டும் அம்மா. எனக்கு வத்தலக்குண்டு தாண்டி மலை ரோட்டில் பஸ் திரும்பினாலே குமட்டும். இங்கே இருக்கிற கொடைக்கானலையே நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவனின் பெயர் உலகத்தின் மறுகோடியில் ஒரு தபால்காரர் கையில் இருந்திருக்கிறது. அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு விசாரித்துப் பார்த்தேன். இப்படிப் பட்டியலில் ஏறிய இடங்கள் உலகம் முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கார்டுகள் விலைக்கும் கிடைக்கின்றன. ஆனால் விலைக்கு வாங்கினால் அது கொள்முதல், சேகரிப்பு ஆகாது. முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள் என்றும் சொன்னார்கள். தெரியாதவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பது எனக்குப் பிடிக்காது. எனவே எனக்கென்று சில விதிகளை வைத்துக்கொண்டேன். அந்த இடத்தின் படம்தான் இருக்க வேண்டும். அந்த ஊரிலேயே தபாலில் போட வேண்டும். கவருக்குள் வைக்கக் கூடாது, கார்டின் மேலேயே ஸ்டாம்பும் முத்திரையும் விழ வேண்டும். இதற்கு ஒரு ஆள் அங்கே போய் இருந்தாக வேண்டும். என்னிடம் இருந்த ஆட்கள் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்பிள்ளைகள்தான்.

மற்றத் தரகர்கள் மாப்பிள்ளையின் சம்பளம், சொத்து, குடிப்பழக்கம் எல்லாம் கேட்பார்கள். நானும் கேட்டேன். கூடவே, வேலை செய்கிற ஊருக்குப் பக்கத்தில் பார்க்கிற மாதிரி என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். சிங்கப்பூரில் பட்டியலில் இருப்பது ஒரே ஒரு தாவரத் தோட்டம். ஒன்றுக்கு ஒரு பெண் போதும். தேவதர்ஷினியின் கார்டு வந்த பிறகு சிங்கப்பூர் வரன்கள் எதையும் நான் எடுக்கவில்லை. குவைத்தில் இன்றைய தேதிவரை ஒன்றும் இல்லை. அதனால் குவைத் மாப்பிள்ளையின் அப்பா படியேறி வந்தால் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். பஹ்ரைனில் ஒரு கோட்டை இருக்கிறது, அதற்கு ஒருத்தியைக் கொடுத்தேன். கல்யாணமான வருஷமே மாப்பிள்ளையைக் குவைத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவளுடைய அப்பா வந்து கண் கலங்கினார். கார்டு அதற்கு முன்பே வந்துவிட்டது, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

மால்டாவுக்குச் சிவனம்மாளைக் கொடுத்தபோது, மாப்பிள்ளைக்கு வயது கூடுதல் என்று அவளுடைய அண்ணன் சண்டைக்கு வந்தான். அந்த ஊர்க் கோட்டைச் சுவர் அதைவிட எவ்வளவோ பழசு, இன்னும் உறுதியாக நிற்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். அவனுக்குப் புரியவில்லை. யாரிடமும் நான் தரகு வாங்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் மாமாவுக்கு ஒரு கார்டு போடும்மா என்று மட்டும் கேட்டேன். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று பல வீடுகளில் எனக்குச் சாப்பாடு போட்டார்கள்.

இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மணிமேகலைக்கு வருகிறேன்.

அவளுடைய அம்மா அய்யம்மாள், எரியோட்டுக்குப் பக்கத்தில் முருங்கையும் கொஞ்சம் சோளமும் போட்டிருந்தவள். புருஷன் இல்லை. ஒரே பெண், பி.காம். முடித்தவள். ஜாதகத்தை என் மேஜையில் வைத்துவிட்டு அய்யம்மாள் சொன்னது இதுதான்: "அண்ணே, ஒத்தப் புள்ள. தூரந்தொலைவுல குடுத்துட்டு என்னால கெடக்க முடியாது. ஞாயித்துக்கெழமைக்குக் கறியாக்கித் தூக்கிட்டுப் போயிட்டு, சாயந்தரத்துக்குள்ள வீடு வந்து சேருற மாதிரி பாருங்கண்ணே."

அப்படி ஒரு வரன் என்னிடம் இருந்தது. விக்னேஷ்குமார் என்று வேடசந்தூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிற பையன். பத்தில் எட்டுப் பொருத்தம் இருந்தது. பெண்ணும் ஃபோட்டோவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நானும் அதைத்தான் முடித்திருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் மலைச்சாமியின் ஜாதகம் வந்தது.

மலைச்சாமி கப்பலில் சமையல் வேலைக்குப் போய், கிரீன்லாந்தில் இறங்கி, இலுலிசாட் என்ற ஊரில் ஓர் ஓட்டலில் சேர்ந்தவன். அந்த ஊருக்குப் பக்கத்தில் மலை மலையாகப் பனிப்பாறை உடைந்து கடலுக்குள் போகிற ஒரு வாய்க்கால் இருக்கிறது. பட்டியலில் உள்ள இடம். திண்டுக்கல் ஜில்லாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை அங்கே இருப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உடனே அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"ஐயா, ஆத்தாதான் எனக்குத் தெரியாம ஜாதகத்தக் குடுத்துருச்சு" என்றான் அவன். "இங்க ஒரு பொண்ணு வந்தா மெரண்டு போகும். மார்கழில சூரியனே வராது. வெஞ்சனத்துக்கு ஒரு முருங்கைக்கா கெடைக்காது. நானே அடுத்த வருசம் ஊரப் பாத்து வந்துரலாம்னு இருக்கேன், அப்பப் பாப்போம்."

அவன் வந்துவிட்டால் கிரீன்லாந்துக்கு நான் எங்கே போவேன்? பெண் வந்தால்தான் உனக்கு அங்கே காலூன்றும், ஜாதகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். அவன் நல்ல பையன். கெட்ட பையனுக்குக் கொடுத்தேன் என்று இந்தப் புகாரில் எழுத வேண்டாம்.

விக்னேஷ்குமார் வீட்டார் வந்தபோது, பெண்ணுக்குச் செவ்வாய் என்று மட்டும் சொன்னேன். செவ்வாய் எல்லார் ஜாதகத்திலும் ஏதாவது ஒரு கட்டத்தில் இருக்கத்தானே வேண்டும்? அது இருந்த கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி, முகத்தைக் கொஞ்சம் சுளித்தேன். தோஷம் என்ற வார்த்தையை அவர்களேதான் சொன்னார்கள். தாம்பூலத்தட்டைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அய்யம்மாளைத் தனியாக உட்காரவைத்து, பெண் உன் பக்கத்தில் இருந்தால் அவள் உயிருக்கு ஆகாது, கடல் தாண்டினால் தீர்க்காயுசு என்றேன். மணிமேகலையைத் தனியாகக் கூப்பிட்டு, நாலாம் இடம் தாய்க்கு உரிய இடம், அங்கே கொஞ்சம் கோளாறு, நீ பக்கத்தில் இருந்தால் அம்மாவுக்கு ஆகாது என்றேன். அவள் படித்த பெண், இதை எல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும், "எங்கம்மாவுக்கு ஆகாதுன்னா வேணாம் மாமா. தூரமாவே பாத்துருங்க" என்றாள். நான் சொன்னதைத் தாயும் மகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு பாசம். இப்படிப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்வது எனக்கு எப்போதும் சுலபம்.

நிச்சயத்தன்று அய்யம்மாள் கேட்டாள்: "அந்த ஊர்ல தண்ணி வசதி எப்பிடிண்ணே?" அவள் தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வந்திருந்தது.

"ஆயுசுக்கும் தண்ணிக்குப் பஞ்சம் வராதும்மா" என்றேன்.

"வெயிலு?"

"வெயில் தொந்தரவே கெடையாது."

அவள் முகம் தெளிந்துவிட்டது. நான் சொன்னதில் ஒரு சொல்கூட மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது என் தொழில் தர்மம்.

கல்யாணம் முடிந்து, விசா வந்து, புரட்டாசியில் மணிமேகலை கிளம்பினாள். கிளம்புகிற அன்று அவளிடம் பரிகாரத்தைச் சொன்னேன். போனதும் அந்தப் பனிப்பாறைப் படம் போட்ட கார்டு ஒன்றை எனக்குத் தபாலில் போட வேண்டும், அது என் கைக்கு வந்து சேர்ந்தால் தோஷம் கழிந்துவிடும், அதற்குப் பிறகு அம்மாவை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றேன். மலையில் பிறந்தது தண்ணீராகிக் கடலில் கரைகிற இடம், தாய் தோஷத்துக்கு விசேஷம் என்று ஒரு காரணமும் சொன்னேன். அது அந்த நேரத்தில் தோன்றியது. கேட்கும்போது எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசிக் கடைசியில் முதல் கார்டு வந்தது. பனிப்பாறைதான், அழகான படம். ஆனால் கவருக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். மழையில் நனைந்துவிடக் கூடாது என்று கவரைச் சுற்றி டேப் வேறு ஒட்டியிருந்தாள். முத்திரை கவரில் விழுந்திருந்தது, கார்டு மொட்டையாக இருந்தது. எனக்கு வந்த வேதனையை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அவளைக் கூப்பிட்டு, பரிகாரத்தில் மறைப்பு இருக்கக் கூடாதும்மா, மறுபடி போடு என்றேன்.

அதே சமயத்தில்தான் அய்யம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் வீங்கியிருக்கிறது என்று சொல்லித் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மணிமேகலை எனக்கு ஃபோன் போட்டாள். "மாமா, அம்மாவுக்கு ரொம்ப முடியலயாம். அவரு டிக்கெட் போடுறேங்கிறாரு. நான் கெளம்பி வாரேன் மாமா."

"அவசரப்படாத. நீ வந்து வாசல்ல நிக்கிற நேரந்தான் ஆகாத நேரமாப் போகும். கார்டு வந்து சேரட்டும்" என்றேன்.

அவள் வந்துவிட்டால் திரும்பிப் போக மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒற்றைத் தாய், சீக்காளி, யார் திரும்பிப் போவார்கள்? அவளை நான் குறை சொல்லவில்லை.

இரண்டாவது கார்டு கவர் இல்லாமல் வந்தது. முத்திரை நன்றாக விழுந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் நாய்கள். பனியில் வண்டி இழுக்கிற நாய்கள், வரிசையாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கின்றன. சுற்றுலாக்காரர்கள் வராத காலம் என்பதால் கடையில் அந்தப் படம்தான் இருந்ததாம். நாய்கள் பட்டியலில் இல்லை. நான் அவளிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி போடும்மா, உன் கையில்தான் இருக்கிறது என்றுதான் சொன்னேன். அவள் ஃபோனில் அழுதாள். அங்கே பகலிலும் இருட்டாகவே இருக்கிறது என்று சொன்னாள். கடை திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போ என்று யோசனை சொன்னேன்.

நான் அய்யம்மாளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. சாத்துக்குடி உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். "புள்ளைய ஒருக்கா கண்ணுல பாத்துட்டாப் போதும்ணே" என்றாள். செத்த நேரம் கழித்து, "அவளுக்கு ஆகாதுன்னா வேணாம்ணே. அவ நல்லா இருந்தாச் சரி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போலத் தாய் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

தை பிறந்த வாரத்தில் அவள் போய்விட்டாள். கிரீன்லாந்தில் பனிப்புயல், விமானம் கிடையாது. சுடுகாட்டிலிருந்து வீடியோ காலில் மகளுக்குக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். என் கை நடுங்காது என்பதால் ஃபோனை நான்தான் பிடித்தேன். எல்லாம் தெளிவாகத் தெரியும்படி காட்டினேன். திரையில் அவளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது, அதற்கு வெளியே கருப்பாக இருந்தது. கொள்ளி வைத்து, கூட்டம் கலைந்து, அவள் அழுகையும் கொஞ்சம் ஓய்ந்த பிறகு, மூன்றாவது கார்டைப் போட்டுவிட்டாயா அம்மா என்று கேட்டேன்.

"போட்டுட்டேன் மாமா" என்றாள். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்கிற பெண்.

கருமாதி அன்று சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு வந்தால் கதவிடுக்கில் கார்டு கிடந்தது. நீங்கள் இப்போது திறந்து வைத்திருக்கிற பக்கம் அதுதான். பாருங்கள், நீலப் பனிப்பாறை தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறது. மலைச்சாமி வேலை செய்கிற ஓட்டல் முதலாளியம்மாவின் மேஜை டிராயரில் இருந்ததைக் கெஞ்சி வாங்கினாளாம். ஸ்டாம்ப் நேராக ஒட்டியிருக்கிறது. முத்திரை முழு வட்டமாக, ஊர்ப் பெயர் ஓரெழுத்தும் சிதையாமல் விழுந்திருக்கிறது. இந்த ஆல்பத்தில் இதற்கு ஈடாக இன்னொரு கார்டு கிடையாது. அது மார்கழியிலேயே போட்டது. முகவரிக்குப் பக்கத்தில் அவள் எழுதியிருப்பதை நீங்கள் சத்தமாகப் படிக்க வேண்டாம், வெளியே அவளுக்குக் கேட்கும். "மாமா, இந்தத் தடவை எல்லாம் நீங்க சொன்னபடி பண்ணிட்டேன். இப்ப வரலாமா?" அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள்.

பிறகு அவள் வந்தாள். வந்ததும் வேடசந்தூரில் வேறொருவரிடம் ஜாதகத்தைக் காட்டியிருக்கிறாள். அங்கிருந்து நேராக என் மாடிக்கு ஏறி வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். சிட்னி, சிங்கப்பூர், பஹ்ரைன், மால்டா எல்லாம் பார்த்தாள். கடைசியில் அவளுடைய கார்டு. அவள் போட்ட மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டாள். கழித்த கார்டுகளைப் போட்டு வைக்கும் செருப்பு டப்பாவைக் காட்டினேன். நாய்களை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"இதுக்கா மாமா?" என்றாள்.

இதற்குத்தானம்மா என்று நான் அந்த முத்திரையைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு விளங்கும் என்று நினைத்தேன். இவ்வளவு பாடுபட்டு அனுப்பியவளுக்கே அதன் அருமை தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அவள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். மழை பெய்யாத நாளாகப் போனது ஒரு நல்ல காலம்.

கருமாதி அன்று ஃபோனில் அவளிடம் என்ன சொன்னேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதைச் சொல்லும் முன் இதை ஏட்டம்மா எழுதிக்கொள்ளட்டும். மணிமேகலையின் ஜாதகம் பால் போல இருக்கிறது. அவளால் தாய்க்கும் தாயால் அவளுக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அந்த வேடசந்தூர்ப் பையனுக்குக் கொடுத்திருந்தால் அய்யம்மாள் வாரா வாரம் தூக்குச்சட்டியோடு பஸ் ஏறியிருப்பாள். வராதே என்று பெண்ணைத் தடுத்தவன் நான்தான். அந்தக் கார்டுக்காகத்தான். இதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் வாக்குத் தவறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கார்டு வந்தால் வரலாம் என்று சொல்லியிருந்தேன். வரலாமா என்று அவளும் எழுத்தில் கேட்டிருக்கிறாள். பதில் சொல்லாமல் விடலாமா? கருமாதிச் சாப்பாட்டின் கை ஈரம்கூடக் காயவில்லை, அப்போதே கூப்பிட்டேன். "கார்டு வந்துருச்சும்மா. முத்திரை சுத்தமா விழுந்திருக்கு. பரிகாரம் முடிஞ்சுபோச்சு. இனிமே நீ தாராளமா வரலாம். நீ வாரதால உங்கம்மாவுக்கு இனி ஒண்ணும் ஆகாது" என்றேன்.

இதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.